ஆல் சீசன் டயரோடு ஒரு ஜனவரி, ஆல் வெதர் டயரோடு அடுத்த ஜனவரி

கனடாவில், டொரோண்டோவின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்த முதல் வருடம், ஜனவரியில் ஒரு விடியற்காலை. இரவு ஷிஃப்ட் முடிந்து மார்க்கம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். சிக்னல் மஞ்சளானதும் பிரேக் பிடித்தேன். பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்ததே தவிர, கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, பாதிச் சந்திப்புக்குள் போய்த்தான் நின்றது. குறுக்கே வண்டி எதுவும் வராதது கடவுள் புண்ணியம். திரும்பிப் பார்த்தால் பின்னால் மகளின் சீட், காலியாக. கை நடுங்கிவிட்டது.

காரில் இருந்தது சாதாரண ஆல் சீசன் டயர். பழையதில்லை, பட்டனும் தேயவில்லை. சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று சொல்கிற எம் பிளஸ் எஸ் எழுத்தும் அதில் இருந்தது. அதை நம்பித்தான் ஓட்டினேன்.

மறுநாள் கராஜில், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் டயரை நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் துளியும் இறங்கவில்லை. "பாருங்கோ தம்பி, தேயேல்லை. ஆனா கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு."

விஷயம் ரப்பரில் இருக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண ஆல் சீசன் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். எம் பிளஸ் எஸ் என்பது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துப் போடுகிற குறி. அதற்குப் பனியில் சோதனை கிடையாது. பார்க்க வேண்டியது வேறு: மூன்று சிகர மலை, அதற்குள் ஒரு பனித்துகள். பனியில் இழுவைச் சோதனை தேறிய டயருக்குத்தான் அந்தச் சின்னம். அதுவும் பனியில் கிளம்புகிற பிடியைத்தான் சொல்கிறது, ஐஸில் நிற்பதைப் பற்றி அல்ல. இதை அண்ணன் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

குளிருக்கு விண்டர் டயர்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் இருப்பது பேஸ்மெண்ட். கழற்றிய நான்கு டயரை வைக்க இடமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிற கூலி வேறு. நான் ஓட்டுவது ஊருக்குள் மட்டும். இங்கே பனி வாரும் வண்டியும் உப்பும் சீக்கிரம் வந்துவிடும். அதனால் மலைச் சின்னம் உள்ள, வருடம் முழுக்க ஓட்டக்கூடிய ஆல் வெதர் டயரை எடுத்தேன். வாரம் ஒருமுறை வடக்கே தூரத்தில் இருக்கிற சட்பரி போகிறவனாக இருந்தால் யோசிக்காமல் விண்டர் டயர்தான் வாங்கியிருப்பேன். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தச் சின்னம் உள்ள டயர் சட்டப்படியே கட்டாயம். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் நம் பொறுப்பு.

முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதுமே என்று கேட்டேன். கூடவே கூடாதாம், முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். நான்கும் மாற்றினோம். பொருத்துவதற்கு முன் டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்துப் பாருங்கள். 2923 என்றால் 2023-ன் 29-வது வாரம் செய்தது. எனக்குக் கொண்டுவந்த புது டயர்களில் ஒன்று மட்டும் மூன்று வருடம் பழையதாக இருந்தது. சொன்னதும் மாற்றித் தந்தார்கள். அப்புறம் இன்சூரன்ஸுக்கு ரசீதை அனுப்பித் தள்ளுபடியும் வாங்கினேன்.

அடுத்த ஜனவரி, அதே சிக்னல், அதே மாதிரிப் பனி. கோட்டுக்கு ஒரு அடி முன்னாலேயே நின்றது. இரண்டு வாரம் கழித்து உறைமழை பெய்து ரோடே கண்ணாடியாகிப்போன காலையில் மட்டும், காரை எடுக்காமல் பஸ்ஸில் போனேன்.