பினாங்கின் அணைகளும் கெடாவின் மழையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், கெக் லோக் சி கோயிலைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு வந்துவிடும். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் கொள்ளளவு இரண்டு பில்லியன் லிட்டரைச் சற்றே தாண்டும். காடு சூழ்ந்த இடம் என்பதால் காலை நடைக்கு வருவோர் அதிகம். என்னுடன் வந்திருந்த சென்னை அத்தை நடைபாதையைக் கவனிக்கவே இல்லை. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஏரிகளும் நிறைஞ்சுதாம்ப்பா இருந்துச்சு" என்றார்.

அவர் சொன்னது 2019ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போக, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கேப் டவுன் நகரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரையறுத்தார்கள். அங்கெல்லாம் தேக்கங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை நிரப்ப வேண்டிய மழைதான் வரவில்லை.

அங்கிருந்து தெலுக் பகாங் சென்றோம். 1999இல் முடிக்கப்பட்ட அந்த அணை ஏறத்தாழ 19 பில்லியன் லிட்டர் கொள்ளும். டிராகன் படகுப் போட்டி நடக்கும் இடம் என்றே பலருக்கும் அதைத் தெரியும். மறுநாள் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் பக்கமுள்ள மெங்குவாங் அணைக்குப் போனோம். விரிவாக்கத்துக்குப் பிறகு 86 பில்லியன் லிட்டருக்கும் மேல் கொள்ளும் இதுவே மாநிலத்தின் மிகப் பெரிய தேக்கம். கரையின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இனிப் பினாங்குக்குக் கவலையில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெங்குவாங் பெரும்பாலும் தன் குன்றுகளில் விழும் மழையால் நிரம்புவதில்லை. ஆற்று நீரை இறைத்துச் சேமித்து, வறட்சியில் திறந்துவிடும் குதிர் அது. பினாங்கு எடுக்கும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடா என்னும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில். மூடா, பெடு, அனிங் அணைகள் வழியாகக் கெடாவின் நெல்வயல்களுக்கும் அந்தக் காட்டு நீர்தான் பாய்கிறது.

இந்த நீருக்காக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா அரசு கேட்டதும், இயற்கையாக ஓடி வரும் ஆற்றுக்கு விலை தர முடியாது என்று பினாங்கு மறுத்ததும் இங்கே பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த தகராறு. பினாங்குக்காரன் என்றாலும் கெடாவின் பக்கமும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். மரம் வெட்டி வருமானம் பார்க்கக்கூடிய காட்டை வெட்டாமல் வைத்திருக்கச் சொல்கிறோம். அந்த இழப்பில் கீழே குடிப்பவர்களுக்கும் பங்கு வேண்டாமா? ஆற்று நீருக்கு விலையாக வேண்டாம், காட்டுக்குக் காவல் செலவாகக் கொடுக்கலாம். அதை இரு மாநிலங்களும் தனியாகப் பேசித் தீர்ப்பது கடினம், மலேசியக் கூட்டரசும் உடன் உட்கார வேண்டும்.

மூடா அணையின் தேக்கமான மூடா ஏரியை நேரில் காண விரும்புவோர் கெடாவின் சிக் வட்டாரத்திலுள்ள குபீர் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும். என் அடுத்த பயணம் அங்கேதான்.