நெஞ்சில் நீர் கோத்தபோது: அம்மாவோடு சில மாதங்கள்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் பரவிவிட்டது என்பதைத் தலையணைதான் முதலில் சொன்னது. படுத்தால் மூச்சு முட்டியதால் ஒன்று இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். எக்ஸ்ரேயில் வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. நீர் நுரையீரலுக்குள் இல்லை, அதைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கு நடுவில் என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார்.

மேசைமேல் குனிந்து உட்காரவைத்து, ஸ்கேனில் இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு முதுகு வழியாக எடுத்தார்கள். பால் விடாத டீ நிறத்தில் ஒன்றேகால் லிட்டர். இன்னும் இருக்கிறதே, மொத்தமாக எடுத்துவிடுங்களேன் என்று சண்டையே போட்டேன். பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் ஒரேயடியாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்து மூச்சு மோசமாகலாமாம், அதனால் பொதுவாக ஒன்றரை லிட்டரைத் தாண்ட மாட்டார்களாம். முடியும்போது வந்த இருமலும் நுரையீரல் விரிவதால்தான். தெரியாமல் பயந்து செத்தேன்.

அன்று ராத்திரி ஒரே தலையணை. ஆனால் 20 நாளில் மறுபடி நீர், அப்புறம் 12, அப்புறம் 8. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ, டோக்கன், காத்திருப்பு.

கிருமி நீக்கிய டால்க் பவுடரைச் செலுத்தி இரண்டு உறைகளையும் ஒட்டவைக்கும் வழி ஒன்று உண்டு. அதற்கு நுரையீரல் முழுதாக விரிந்து உறையைத் தொட வேண்டும், அம்மாவுக்கு விரியவில்லை. அதனால் தோலுக்கடியில் ஓடி வெளியே வரும் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். வீட்டிலேயே நீரை எடுத்துவிடலாம். இப்படி ஒன்று இருப்பதை இரண்டாவது தடவையே கேட்டிருக்க வேண்டும். நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

கை கழுவி, கையுறை போட்டு, குழாயின் முனையை மருந்தால் துடைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் எடுத்தேன். நெஞ்சு வலித்தாலோ இருமல் விடாமல் வந்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, குழாயைச் சுற்றிச் சிவந்தாலோ, நீர் கலங்கி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மிச்ச மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவில் மார்ஃபின் என்ற அபின் வகை மருந்து கொடுத்தார்கள், பேரைக் கேட்டு நான்தான் தயங்கினேன். முகத்துக்கு நேரே வைத்த சின்ன மேசை விசிறி இவ்வளவு உதவும் என்று நினைக்கவேயில்லை.

எடுத்த அளவைத் தினசரி காலண்டர் தாளில் குறித்துவைப்பேன்.

"இன்னிக்கு எவ்வளவுடா?"

"முந்நூறும்மா."

"பால்காரன் அளவைக் குறைக்கிறான், கேளு" என்றார்.