சால்மனுக்குத் தேன்–சோயா ஊறல்: ஐந்தாவது சுற்றில் தோல் ஒட்டாமல் வந்தது

கல்லில் ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை. தோல் அப்பளம் போல மொறுமொறுவென்று நிற்கிறது, சதை உள்ளே நிறம் மங்காமல் இதழ் இதழாகப் பிரிகிறது. முந்தைய நான்கு சுற்றிலும் ஊறலின் ருசியில் குறை இல்லை. தோல்தான் ஒவ்வொரு முறையும் பாதி கல்லோடு போயிற்று, மீதி கருகிப்போயிற்று. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி தோலைப் பற்றித்தான்.

முதலில் அளவு. தோலோடு இரண்டு துண்டம், மொத்தம் 400 கிராம், நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் கனம். ஊறலுக்கு சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, தேன் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி, தட்டிய பூண்டு 2 பல், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி. கடைசியில் பூசும் பாகுக்கு சோயா சாஸ் அரை மேசைக்கரண்டி, தேன் 2 தேக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி தனியே எடுத்து வைக்க வேண்டும். சதைக்கு உப்பே வேண்டாம். 2 மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 5 கிராம் உப்பு இருக்கிறது, அது இந்த அளவு மீனுக்குத் தாராளம்.

பூண்டைத் துருவக் கூடாது. துருவல் சதையில் ஒட்டிக்கொண்டு கல்லில் பட்டதும் கருகிக் கசக்கிறது. தட்டிப் போட்டு, பொரிக்கும் முன் எடுத்துவிட்டால் போதும், மணம் இறங்கியிருக்கும். இஞ்சியில் இன்னொரு சிக்கல். பச்சை இஞ்சியில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது. மட்டனை மெத்தென்று ஆக்குவதும் அதுவேதான், ஆனால் சால்மன் ஏற்கெனவே மெத்தென்ற சதை. மூன்றாம் சுற்றில் இஞ்சித் துருவல் இரண்டு மணி நேரம் கிடந்த இடம் மாவு போலக் குழைந்துவிட்டது. இப்போது சாற்றை மட்டும் பிழிந்து, ஒரு கொதி விட்டு, ஆறவைத்துச் சேர்க்கிறேன். கொதித்தால் நொதி செயலிழந்துவிடும், காரமும் மணமும் போதுமான அளவு நிற்கும்.

எலுமிச்சைச் சாறு ஊறலில் கிடையாது. வஞ்சிரம் வறுவலுக்குச் சாறு பிழிந்து ஊறவைத்த கை இங்கும் அதையே செய்யப் பார்க்கும். புளிப்பு, நெருப்பு செய்யும் வேலையையே சதையில் செய்கிறது. கால் மணி நேரத்தில் மேல்பரப்பு வெளிறி, அரைவேக்காடு போலாகிவிடும். பிறகு அதைக் கல்லில் போட்டால் மேல்பகுதி இரண்டாம் முறை வெந்து சக்கை ஆகும். சாறு தட்டில் வைத்த பிறகுதான். ஊறலிலேயே எலுமிச்சை மணம் வேண்டும் என்றால் பழத்தோலின் மேல் பகுதியை மட்டும் லேசாகத் துருவலாம், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும்.

இனி தோல். முதல் நான்கு சுற்றிலும் மீனை ஜிப் கவரில் போட்டு, ஊறலை ஊற்றிப் புரட்டிவிட்டேன். தவறு அங்கேதான். தோல் அரை மணி நேரம் தேனிலும் சோயாவிலும் நனைந்தால் ஈரத்தைக் குடித்துக்கொள்கிறது. கல்லில் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகும்வரை தோல் பொரியாது, அவியும். அவியும்போது தோலின் புரதம் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் போய்ப் பொரியத் தொடங்குவதற்குள் தேன் கருகிவிடும். தேனில் நூற்றுக்கு எழுபது பங்கு பழச்சர்க்கரையும் குளுக்கோஸும்தான், இரண்டும் சீக்கிரம் சிவக்கிற சர்க்கரைகள்.

இந்த முறை தோலையும் சதையையும் பிரித்துக் கையாண்டேன். முதலில் கத்தியின் முதுகால், வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தோலை வழித்தேன். தோல் சுத்தமாகத் தெரிந்தாலும் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு கத்தியில் சேர்ந்துகொண்டே வரும், விட்டுப்போன செதில்களும் அதோடு வரும். கத்தியைத் துடைத்துத் துடைத்து நாலைந்து முறை வழித்தால் நின்றுவிடும். பிறகு டிஷ்யூவால் ஒற்றி, தோலில் மட்டும் இரண்டு சிட்டிகை தூள் உப்பு.

ஊறலுக்கு இரண்டு துண்டமும் நெருக்கமாக அடங்குகிற சின்ன எவர்சில்வர் தட்டு. பெரிய தட்டில் ஊறல் பரவி, சதை நனையாது. ஊறலை ஊற்றிச் சதைப் பக்கம் கீழே, தோல் மேலே. விளிம்பில் அரை சென்டிமீட்டர் உயரம் நின்றால் சரி. தோலில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, பட்டால் உடனே ஒற்றிவிட வேண்டும். மூடாமல் ஃபிரிட்ஜில் 40 நிமிடம். கீழே சதை ஊறுகிறது, மேலே ஃபிரிட்ஜின் வறண்ட காற்றில் தோல் காய்கிறது. எடுக்கும்போது தோல் காகிதம் போலத் தொட்டால் விரலில் ஒட்டாமல் இருந்தது. அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ஊறலின் நிறம் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போவதில்லை, இரவு முழுக்க வைத்தாலும் அப்படித்தான். மேலும் மேலும் உள்ளே இறங்குவது உப்பு. அது அதிகமானால் ஓரங்கள் கருவாட்டு விளிம்பு போல இறுகும். 40 நிமிடம் உப்பில் கிடந்ததில் வேறொரு லாபமும் உண்டு. வேகும்போது பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாகக் கசியுமே அந்தப் புரதம், அது நன்றாகக் குறைந்திருந்தது.

கனமான இரும்புக் கல், மிதமான தீ, ஒன்றரைத் தேக்கரண்டி கடலை எண்ணெய். சதையைத் துடைத்து, தோல் கீழே வைத்து, தோசைத் திருப்பியால் 20 விநாடி அழுத்த வேண்டும். தோல் சூட்டில் சுருங்கி வளையும், அழுத்தாவிட்டால் நடுப்பகுதி கல்லைத் தொடவே தொடாது. அதன் பிறகு நகர்த்தக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் சடசடவென்று சத்தம், ஈரம் போவது. அது அடங்கி மெல்லிய, ஒரே சீரான பொரியல் சத்தம் வந்தால் தோலடிக் கொழுப்பு உருகத் தொடங்கிவிட்டது. பக்கவாட்டில் வெளிறிய கோடு கீழிருந்து ஏறும். அது முக்கால் உயரம் வந்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது. திருப்பியை உள்ளே விட்டதும் துண்டம் தானாக வழுக்கி எழுந்தது. சதைப் பக்கம் ஒரு நிமிடம் போதும். நடுவில் 52 டிகிரி செல்சியஸில் இறக்கினேன். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அளவு 63 டிகிரி. கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அந்த அளவுக்கு வேகவைத்தே கொடுங்கள்.

சோயா சாஸ் வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று இருந்தால் புளிக்கவைத்துச் செய்தது. கேரமல் நிறமும் ஹைட்ரோலைஸ்டு புரதமும் இருந்தால் வேண்டாம். டார்க் சோயாவும் வேண்டாம், அந்தக் கறுப்பில் சதை எப்போது சிவக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது, ஜப்பானிய, கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அந்த வறுத்த மணம் வேண்டுமென்றால் அதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மீன் கடையில் ‘இந்தியன் சால்மன்’ என்று கொடுப்பது நம் காலா மீன். அருமையான மீன், ஆனால் வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு, சால்மனுக்கு உறவே இல்லை. மேலே சொன்ன நேரக்கணக்கு அதற்குச் செல்லாது. உறைந்த சால்மன் என்றால், வேக்யூம் கவரைப் பிரித்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜில் இளக விட வேண்டும். காற்றில்லாத கவருக்குள் இளகவிடுவது நச்சுக் கிருமிக்கு வழிவிடும்.

பாகு இன்னும் படியவில்லை. எடுத்து வைத்த சோயா, தேன், தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் கொதிக்கவிட்டு, கரண்டியின் பின்புறம் பூச்சாக நிற்கும் பதத்தில் இறக்கினேன். தட்டுக்குப் போவதற்குள் இறுகிக் கம்பியாக இழுத்தது. அதற்கு முந்தைய பதத்தில், இன்னும் ஓடும்போதே இறக்க வேண்டும். சதையில் மட்டும் பூச வேண்டும், தோலில் பட்டால் இத்தனை பாடும் இரண்டே நிமிடத்தில் நமுத்துவிடும். பச்சை மீன் கிடந்த ஊறலைப் பாகில் சேர்க்கவில்லை, கொட்டிவிட்டேன்.

அடுத்த சுற்றில் தேனுக்குப் பதில் கருப்பட்டி. அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், தேனைவிடத் தாமதமாகச் சிவக்கும், அதனால் ஊறலிலேயே முழு இனிப்பையும் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியில் 15 கிராம் சீவி, வெந்நீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி வைத்தாயிற்று. மீன் ஃபிரிட்ஜில் இளகிக்கொண்டிருக்கிறது.