பந்து எழுப்பிக் கொடுத்த அண்ணா

எங்கள் கல்லூரிக் கரப்பந்தாட்ட அணியின் தலைவர் நல்ல அடிகாரர். ஆனால் எங்களை ஒரு அணியாக்கியவர் இன்னொரு அண்ணா, வலைக்கருகே நின்று பந்து எழுப்பிக் கொடுப்பவர். பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது, விடுகிறேன்.

1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த பிறகு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் கொட்டில்களிலும் மரநிழலிலும் பள்ளிக்கூடங்கள் நடந்த காலம். பொருளாதாரத் தடை வேறு. ஒரு பந்து கிழிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியள் ஒரு பக்கம், ஊர்ப் பெடியள் ஒரு பக்கம் என்று நிற்போம். அண்ணா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பயிற்சிக்குச் சோடி பிரிக்கும்போது அங்கே ஒருவன், இங்கே ஒருவன் என்று சேர்த்துவிட்டார். வீட்டுக்குப் போவதும் அதே சோடி, ஒரே சைக்கிளில். கொஞ்ச நாளில் யார் எந்த ஊர் என்ற கதையே எடுபடாமல் போனது.

ஆட்டத்திலும் அப்படித்தான். அப்போது சேர்விஸ் போட்ட பக்கத்துக்குத்தான் புள்ளி, 15க்கு ஆட்டம். ஒரு செற் இழுபட்டுக்கொண்டே போகும். யாராவது பந்தை வலையில் அடித்தால் நாங்கள் முகத்தைத் திருப்புவோம். அவர் நேரே அவனிடம் போய், "சரி தம்பி, அடுத்ததும் உனக்குத்தான்" என்பார். தலைவர் கை காட்டிக் கேட்டாலும் அடுத்த பந்து அவனுக்கே எழும்பும். சேர் எத்தனை தரம் சொல்லியும் வராத துணிவு அந்த ஒரு பந்தில் வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பெல்ஜியத்தில் 9 விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 வீரர்களிடமும் பயிற்றுநர்களிடமும் கேட்டு 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை அண்மையில் வாசித்தேன். ஆட்டத்தில் வழிகாட்டுவது, ஊக்கம் கொடுப்பது, களத்துக்கு வெளியே ஒற்றுமையாக வைத்திருப்பது, அணிக்காக வெளியாரோடு பேசுவது என்ற நான்கில் எதிலுமே தங்கள் தலைவர் முதல் ஆள் இல்லை என்று நூற்றுக்கு 44 பேர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அண்ணா முதல் மூன்றையும் செய்தார். நடுவரோடு பேசும் உரிமை விதிப்படி தலைவருக்கே, அதைத் தலைவர் செய்தார். அவரும் இதற்கெல்லாம் பொறாமைப்படாத மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த வீரருக்கும் வீராங்கனைக்கும் கேடயம் அனுப்புகிறது. அதோடு, ஒவ்வொரு அணியிலும் பிள்ளைகளே வாக்களித்துத் தெரிவுசெய்யும் ஒரு சக வீரருக்கும் ஒரு கேடயம் கொடுப்போம். முதல் ஆண்டுச் செலவை நான் பொறுப்பேற்கிறேன்.