கடைசிச் சாய்கோடு

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் சிலவற்றின் பழைய கணக்கேடுகளைப் படமெடுத்து, ஊர்வாரியாகக் கோப்புறைகளில் அடுக்கும் வேலையைச் சேலத்தில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம் செய்து வந்தது. நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என ஊருக்கொரு கோப்புறை. ஒவ்வொன்றையும் அந்தந்த ஊரின் பெயரிலேயே ஜிப் கோப்பாகச் சுருக்கிச் சேமிக்க, உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் பைத்தான் என்ற நிரல்மொழியில் சிறு நிரல் எழுதியிருந்தார். நிரல் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிந்தது. சேமிப்பிடத்திலோ ஒரு ஜிப் கோப்பும் கண்ணில் படவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கோப்புறை இருக்கும் இடத்தைக் காட்டும் பாதையிலிருந்து ஊரின் பெயரைப் பிரித்தெடுக்க அவர் 'ஓஎஸ்.பாத்.ஸ்ப்ளிட்' என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தியிருந்தார். அது பாதையைக் கடைசிச் சாய்கோட்டில் (/) வெட்டி, முன்பகுதி, பின்பகுதி என இரண்டாகத் தரும். '/தோட்டம்/நாகலூர்' என்று கொடுத்தால் பின்பகுதி 'நாகலூர்'. ஆனால் கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் டேப் விசையை அழுத்திப் பாதையை நிரப்பும்போது, கோப்புறையின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் சேர்ந்துகொள்கிறது. '/தோட்டம்/நாகலூர்/' என்றாகிவிட்டால் பின்பகுதி ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சரம். அதனோடு '.ஜிப்' சேர்ந்ததால் எல்லா ஊர்களுக்கும் ஒரே பெயர் அமைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசி ஊர் மட்டுமே மிஞ்சியது. அதுவும் புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் லினக்ஸின் வழக்கமான கோப்புப் பட்டியலில் மறைந்திருந்தது.

"இதைப் பைத்தானின் ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்களா அண்ணா?" என்று தம்பி கேட்டார். சொல்லியிருக்கிறார்கள். பாதை சாய்கோட்டில் முடிந்தால் பின்பகுதி வெற்றாக இருக்கும் என்று அதிகாரபூர்வ ஆவணம் தெளிவாகவே கூறுகிறது. அவர் அதைப் படித்தும் இருந்தார். தம் கையில் உள்ள பாதை அந்த விதிக்குள் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாய்கோட்டை ஓர் எடுத்துக்காட்டில் கண்ணால் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே எங்கள் உள்ளக ஆவணத்தில் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். விளக்கத்தைக் குறைத்துவிட்டு, சாய்கோடு உள்ள பாதையையும் இல்லாத பாதையையும் அடுத்தடுத்த வரிகளில் விடையோடு வைத்தேன். 'மழையளவு.சிஎஸ்வி' என்று வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால் முன்பகுதி வெற்றாகும். '/' மட்டும் கொடுத்தால் அதுவே முன்பகுதியாக நிற்கும். 2014இல் பைத்தான் 3.4உடன் வந்த, பாதைகளைக் கையாளும் 'பாத்லிப்' என்ற நிரல்கூறு கடைசிச் சாய்கோட்டைப் பொருட்படுத்தாமல் 'நாகலூர்' என்றே பெயரைத் தருவதால், அதையும் பக்கத்திலேயே சேர்த்தேன். கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளியோடு வரும் நீட்சியைப் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்எக்ஸ்ட்' பகுதிக்கு எங்களை அலைக்கழித்த '.ஜிப்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டேன்: தொடக்கப் புள்ளி நீட்சியின் அடையாளம் ஆகாது என்பதால், அங்கே முழுப் பெயரும் முன்பகுதிக்குப் போய் நீட்சி வெற்றாகிறது.

எடுத்துக்காட்டும் காலப்போக்கில் பொய்யாகிவிடக் கூடும். பைத்தான் 2.1 காலத்திலிருந்தே உள்ள 'டாக்டெஸ்ட்' என்ற கருவி, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டு வரிகளை இயக்கி, எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்; அதை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டுகிறோம்.

சென்ற வாரம் தம்பி தாமாகவே இன்னொரு வரியைச் சேர்த்தார்: நடுவில் இரட்டைச் சாய்கோடு உள்ள '/தோட்டம்//நாகலூர்'. முன்பகுதி '/தோட்டம்', பின்பகுதி 'நாகலூர்' என்று விடையை முதலில் தாளில் எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகே இயக்கிப் பார்த்தார்.