ஒரு கரைச்சலும் இல்லைப் பிள்ளை

கிளிநொச்சிப் பக்கம் பிசியோதெரபிஸ்டா வேலை செய்துகொண்டே பார்ட் ரைமா உடற்றொழிலியல்ல எம்பில் செய்ய வெளிக்கிட்டதுக்குக் காரணமே இந்த ஒரு வசனம்தான். முழங்காலுக்குக் கீழ கால் போய் பொய்க்கால் போட்டிருக்கிற ஆக்களிட்ட நடக்கக் கஷ்டமோ எண்டு கேட்டா முக்காவாசிப் பேர் இதைத்தான் சொல்லுவினம். ஆனா கிளினிக் வாசலுக்கு வரேக்கயே சேட்டு நனைஞ்சு முதுகோட ஒட்டியிருக்கும்.

நாங்கள் அடி எடுத்து வைக்கேக்க கெண்டைக்கால் தசைதான் பின்னால இருந்து உந்தித் தள்ளுறது, அது இல்லாட்டி அந்த வேலையை இடுப்புத் தசையள் இழுத்துச் செய்யவேணும், அதால தங்களை அறியாமலே வேகத்தைக் குறைச்சுப்போடுவினம், அப்ப நிமிசக் கணக்கில பாத்தா செலவாகிற சக்தி மற்றவைக்குக் கிட்டத்தான் வரும், மீற்றர்க் கணக்கில பாத்தாத்தான் உண்மை தெரியும்.

என்ர ரிசேர்ச்சும் அந்த மீற்றர்க் கணக்குத்தான். சக்தி கூடச் செலவாகேக்க இதயமும் கூட அடிக்கும், அதால நடக்கேக்க உள்ள ஹாட் ரேற்றில இருந்து சும்மா இருக்கேக்க உள்ளதைக் கழிச்சு, நிமிசத்துக்கு எத்தினை மீற்றர் நடந்தவை எண்டதால பிரிக்கிறது. ஒரு அக்காவுக்கு இருக்கேக்க 72, நடக்கேக்க 120, வேகம் 60 மீற்றர். 48ஐ 60ஆல பிரிச்சா 0.8. ரெண்டு காலும் உள்ள ஆக்களுக்கு 0.3, 0.4 அப்பிடித்தான் வரும். அவவும் கரைச்சல் இல்லை எண்டுதான் சொன்னவா.

சம்மதப் படிவத்துக்குக் கையெழுத்து வாங்கிறதுதான் முதல் பெரிய பாடம். 2009க்குப் பிறகு எத்தினை பதிவு, எத்தினை பேப்பர் எண்டு கண்ட சனம், பேனையை நீட்டினவுடன முகம் மாறும். பேப்பரை பையுக்குள்ள வைச்சிட்டு முற்றத்தில இருந்து கதைச்சு, பேந்து இன்னொரு நாள் போய்த்தான் கேட்டனான். பிளேன்ரீ குடுக்காம விடமாட்டினம், ஆனா ரீ குடிச்சா ஹாட் ரேற் ஏறும் எண்டு ரெஸ்ற் முடியும்வரைக்கும் அவையைக் குடிக்க விடேலாது, எனக்கு மட்டும் தந்திட்டுப் பாத்துக்கொண்டிருப்பினம், எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது.

இதில ஒரு ஐயாவை மறக்கேலாது. ஜெய்ப்பூர் கால் போட்டிருந்தவர், அது 1968ல இந்தியாவில செய்தது, சப்பாத்து இல்லாமலே வயல்ல இறங்கலாம், குந்தியிருக்கலாம். ஹாட் ரேற் அளக்கிற நெஞ்சுப்பட்டியைத் தண்ணியில நனைச்சுக் கட்டி, நடக்கவிட்டுப் பாத்தா 58ல இருந்து 76தான் ஏறினது, அதே 60 மீற்றர் வேகம், கணக்கு 0.3. எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. உங்கட நடை ரெண்டு கால் உள்ள ஆக்கள் மாதிரி ஐயா எண்டு அவருக்கே சொல்லிப்போட்டன், அவரும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை ஏ9 றோட்டால பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் என்ர ரிசேர்ச்சை மேற்பார்வை செய்யிற மெடத்திட்டக் காட்டினன். அவ ஒரு கேள்விதான் கேட்டவா. "என்ன குளிசை போடுறார்?"

நான் கேக்கேல்ல. முதல் நாளே கேட்டிருக்கவேணும், என்ர பிழை. திரும்பிப் போனா ஒரு சொப்பிங் பையைக் கொண்டந்து கவிட்டார், உள்ளுக்க அட்டெனோலோல், பிறசருக்குப் போடுறது. அது இதயத்தை வேகமா அடிக்க விடாது. எவ்வளவு களைச்சாலும் என்ர கணக்கில அது வராது. என்ர ஆய்வுக்காண்டி குளிசையை நிப்பாட்டச் சொல்லவும் ஏலாது, அவரை லிஸ்ற்றில இருந்து எடுக்கத்தான் வேணும்.

அண்டைக்கு இரவு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சு நித்திரையே வரேல்ல. அடுத்த நாள் போய், நான் சொன்னது பிழை ஐயா, குளிசையாலதான் அந்தக் கணக்குக் குறைஞ்சது எண்டு விளங்கப்படுத்தினன். கொஞ்ச நேரம் பேசேல்ல.

"அப்ப எனக்கு இளைக்கிறது உண்மைதானே பிள்ளை?"

வயலுக்குப் போற வழியில எந்தப் பாலை மரத்தடியில இருந்து ஆறிப் போறவர், வரேக்க எந்த மதகில இருக்கிறவர் எண்டு அதுக்குப் பிறகுதான் ஒவ்வொண்டாச் சொல்லத் தொடங்கினவர். நான் படிவத்தைத் திருப்பி வைச்சுப் பின்பக்கத்தில எழுதினன்.