5 ஜிபியை ஒரே மாலையில் தொலைத்த ப்ராக்ஸி ஒப்பீடு

ஒரு மாதத்துக்குப் போதும் என்று கணக்குப் போட்டு வாங்கிய 5 ஜிபி ரெசிடென்ஷியல் ப்ராக்ஸி (நம் கோரிக்கைகளை யாரோ ஒருவரின் வீட்டு இணைய இணைப்பு வழியே அனுப்பும் இடைவழி) ஒரே மாலையில் தீர்ந்துபோனது. கைக்கு வந்தவை ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பக்கங்கள். அவற்றிலும் கணிசமானவை, வந்திருப்பது மனிதர்தானா என்று கேட்கும் கேப்ட்சா பக்கங்கள். கணக்கு எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அதன்பின் இரண்டு வாரம் ஆயிற்று. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த இரண்டு வாரமாவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

பழைய புத்தகங்கள் விற்கும் பன்னிரண்டு தளங்களில், உள்நுழையாமலே எவரும் பார்க்கக்கூடிய விலைகளை நாளுக்கு ஒருமுறை சேகரிப்பதுதான் வேலை. ரோபோட்ஸ் கோப்பில் (தானியங்கி நிரல்கள் எங்கே வரக்கூடாது என்று தளம் எழுதிவைப்பது) விலக்கியிருந்த பகுதிகளைத் தொடாமல் எழுதிய ஸ்கிரிப்ட், எட்டுத் தளங்களில் ப்ராக்ஸியே இல்லாமல் ஓடியது. மீதி நான்கும் முரண்டு பிடித்தன. தளத்துக்கு ஏறத்தாழ 600 பக்கங்கள்.

முதலில் டேட்டாசென்டர் ப்ராக்ஸிதான் (வீட்டு இணைப்புகளுக்குப் பதில் ஹோஸ்டிங் நிறுவன சர்வர்கள் வழியே அனுப்புவது) வாங்கினேன். அதற்கு ஐபி முகவரி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம்; எத்தனை பக்கம் இறக்கினாலும் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. ஐம்பது முகவரிகளை வாங்கி மூன்று நாள் ஓட்டியதில், ப்ராக்ஸி இல்லாமல் வந்த அதே முடிவுகள் அச்சுப் பிசகாமல் வந்தன. டேட்டாசென்டர் ப்ராக்ஸி எதற்கும் உதவாது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். நான்காம் நாள் ப்ராக்ஸியின் கடவுச்சொல்லை மாற்றியபோது ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துபோனேன். 407 என்ற பிழை வந்து எல்லாம் நின்றிருக்க வேண்டிய இடத்தில், பக்கங்கள் வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தன. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்குக் கொடுக்கும் ப்ராக்ஸி டிக்‌ஷனரியில் எச்டிடிபிக்கு மட்டும் முகவரி கொடுத்து, இந்தத் தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் என்ற வரியை விட்டுவிட்டிருக்கிறேன். அப்படி விட்டால் அது எந்த எச்சரிக்கையும் தராமல் நேரடியாகவே இணைந்துகொள்ளும். மூன்று நாளும் நான் சோதித்தது என் சொந்த சர்வரின் முகவரியைத்தான். எந்த ஒப்பீட்டையும் தொடங்குமுன், வெளியே தெரியும் ஐபி எது என்று காட்டும் பக்கம் ஒன்றை அதே ஸ்கிரிப்டால் இறக்கிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வரியைச் சேர்த்தபின் நிலைமை மாறியது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு அல்ல. ஐம்பது முகவரிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது எல்லாம் இரண்டே சப்நெட்டுகளுக்குள் (அடுத்தடுத்த முகவரிகளின் தொகுப்புகள்) அடங்கியிருந்தன. 256 முகவரிகள் கொண்ட சப்நெட்டை மொத்தமாக மூடுவது ஒரு தளத்துக்கு ஒரு வரி வேலை. ஆகவே எண்ணிக்கையில் ஐம்பதாக இருந்தாலும் நடைமுறையில் என்னிடம் இருந்தவை இரண்டுதான். போதாக்குறைக்கு, எந்த முகவரி எந்த நிறுவனத்தின் ஏஎஸ்என் எண்ணுக்கு (வலையமைப்பு ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் எண்) கீழ் வருகிறது என்பது பொதுவில் கிடைக்கும் தகவல். ஹோஸ்டிங் நிறுவனத்தின் முகவரியிலிருந்து ஒருவர் புத்தகம் வாங்க வருவாரா என்று தளம் சந்தேகப்படுவதில் தவறும் இல்லை. வெவ்வேறு சப்நெட்டுகளில் முகவரி தரச்சொல்லி விற்றவர்களுக்கு எழுதினேன். "உங்கள் ஸ்கிரிப்டைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதே கேள்வியை விவரமாக மறுபடி எழுதினேன். அதே வரி மறுபடி வந்தது.

அந்த எரிச்சலில்தான், அவர்களிடமே, நான்கு தளங்களுக்கும் சேர்த்து ரெசிடென்ஷியலுக்குத் தாவினேன். இங்கே கட்டணம் ஜிபி கணக்கில். சேமித்து வைத்திருந்த எச்டிஎம்எல் கோப்பு சுருக்கப்பட்ட நிலையில் 40 கேபி; நாளுக்கு 2,400 பக்கம் என்றால் 100 எம்பி கூட ஆகாது, மாதத்துக்கு 3 ஜிபி. கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் நான் ரிக்வெஸ்ட்ஸை விட்டு ஹெட்லெஸ் பிரௌசருக்கு (திரையில் தெரியாமல், ஸ்கிரிப்ட் ஓட்டும் பிரௌசர்) மாறியிருந்தேன். வீட்டு இணைப்பின் ஐபியிலிருந்து போனாலும், டிஎல்எஸ் கைகுலுக்கலிலேயே (பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் பரிமாற்றம்) பைத்தான் பிரௌசரிலிருந்து வேறுபட்டுத் தெரிவதால் ஒரு தளம் 403 (அனுமதி மறுப்பு) கொடுத்துத் திருப்பி அனுப்பியதே காரணம். பிரௌசரோ அட்டைப்படங்கள், எழுத்துருக்கள், விளம்பரங்கள், அவற்றின் காணொளிகள் என்று எல்லாவற்றையும் இழுத்துவந்தது. பக்கத்துக்கு 3 எம்பி வீதம் 5 ஜிபிக்கு எத்தனை பக்கம் என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்ட பக்கமும், மறுமுயற்சியும், பாதியில் அறுந்த இறக்கமும் மீட்டரில் ஏறும். அறுவது இங்கே சகஜம். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டில் சாதனத்தை அணைத்துவிட்டால் உங்கள் வழியும் அணைந்துவிடும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐபி மாறும் என்ற விளம்பரத்தையும் நம்பியிருந்தேன். லாக்கைப் பார்த்தால் இருநூறு பக்கங்கள் ஒரே முகவரியிலிருந்து போயிருந்தன. பிரௌசர் ஒரு தளத்துடன் திறந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொள்ளும். ப்ராக்ஸி வழியே போட்ட சுரங்கம் திறந்திருக்கும்வரை மறுமுனை ஐபி மாறாது. பயனர் பெயரோடு சேர்க்கும் செஷன் எண்ணை மாற்றி, புதிதாக இணைந்தால்தான் மாறும்.

இத்தனையையும் மறைத்தது இன்னொரு கோளாறு. 200 (எல்லாம் சரி என்ற குறி) வந்தால் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கேப்ட்சா பக்கத்தையும் 200 என்ற குறியோடே அனுப்பும் தளங்கள் உண்டு. ஸ்கிரிப்ட் அதை வாங்கி, விலைக் கட்டத்தை வெற்றாக விட்டு, மனநிறைவோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். இப்போது நான் கேட்ட புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் பக்கத்தில் இருந்தால்தான் வெற்றி என்று கொள்கிறேன். 1970க்கு முந்தைய பதிப்புகளில் பெரும்பாலும் அது இராது என்பதால், அவற்றுக்குத் தலைப்பைச் சரிபார்க்கிறேன்.

இந்த அளவுகோலை வைத்து நான்கு தளங்களையும் முதலிலிருந்து சோதித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு தளம் தடுக்கவே இல்லை. 429 (கோரிக்கைகள் அளவுக்கு மிஞ்சின) அனுப்பி, எத்தனை விநாடி கழித்து வரவேண்டும் என்று பதிலின் ரிட்ரை-ஆஃப்டர் தலைப்பு வரியில் எழுதியும் அனுப்பியிருந்தது, படிக்காதது நான்தான். வேகத்தைக் குறைத்ததும் ப்ராக்ஸி தேவைப்படவில்லை. இரண்டு தளங்களுக்கு, வேறொருவரிடம் வாங்கிய, பத்து சப்நெட்டுகளில் பரவிய டேட்டாசென்டர் முகவரிகளே போதுமானவையாக இருந்தன. பதில் வரும் வேகமும் ரெசிடென்ஷியலைவிட அதிகம். ஒரே ஒரு தளத்துக்குத்தான் உண்மையிலேயே ரெசிடென்ஷியல் தேவைப்பட்டது.

அதை வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வீட்டு இணைப்புகளின் சொந்தக்காரர்களுக்கு இது தெரியுமா? 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 வலையமைப்பில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் இருந்தன. இலவச விபிஎன் செயலிகளோடு ஒட்டிவந்த தீநிரல் வழியே, சொந்தக்காரர்கள் அறியாமல் சேர்க்கப்பட்டவை அவை. பழைய விற்பனையாளர் "எங்கள் வலையமைப்பு நெறிமுறைப்படி திரட்டப்பட்டது" என்று மட்டும் சொன்னார். இன்னொருவர், எந்தச் செயலியில் எந்தத் திரையில் சம்மதம் கேட்கப்படுகிறது, எப்படி விலகலாம் என்று படத்தோடு காட்டினார். அவரிடம் வாங்கினேன்.

படம், எழுத்துரு, காணொளி, அயல்தள ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரௌசரில் தடுத்தபின் அந்தத் தளத்தின் பக்கம் 250 கேபிக்கு இறங்கியது. நாளுக்கு 150 எம்பி, மாதத்துக்கு 4.5 ஜிபி. முதலில் வாங்கிய அதே 5 ஜிபி இப்போது முப்பது நாளும் ஓடுகிறது, நான்குக்குப் பதில் ஒரு தளத்துக்கு. பழைய விற்பனையாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் கொடுத்த புகார், "தீர்க்கப்பட்டது" என்ற குறிப்போடு மூடப்பட்டிருக்கிறது.